மட்டைக்குப் பின்னால் நின்ற கியோ

ஆல்டன் ஃபால்ஸில் ஆம்ப்ரோஸ் கியோவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைப் பார்த்துத்தான் ஊர் சிரித்திருக்கும். மோஹாக் ஆற்றங்கரை ஆலைகளில் தறி ஓட்டுகிறவர்கள் சனிக்கிழமை மாலை பீர்க்கடைக்கு வந்தால் அவன் கைகளைக் காட்டச் சொல்வார்கள். விரல்களில் நேராக இருந்தவை மூன்றோ நான்கோதான். மற்றவையெல்லாம் உடைந்து, தானாகக் கூடி, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கைகளை மேசைமேல் விரித்து வைப்பான். பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொள்வார்கள். யாராவது ஒருவர் அவனுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பார்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவருக்கும், ஆட்டத்தன்று மதியம் அவன் குதிரைவண்டிக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுப்பது தெரியாது. மனைவி டீலியாவுக்கு மட்டும் தெரியும். ஆட்ட நாட்களில் அவனுக்கு மதியச் சாப்பாடு வைப்பதை அவள் நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

பேஸ்பால் ஆட்டத்தில் அவன் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று, வீச்சாளன் போடும் பந்தைப் பிடிக்க வேண்டியவன். 1870களின் தொடக்கம் அது. முகத்துக்குக் கம்பிக் கூண்டும் கைக்கு மெத்தை வைத்த உறையும் பின்னால் வந்தவை. அப்போதெல்லாம் வெறுங்கைதான். பல் உதிராமல் இருக்க வாயில் ஒரு ரப்பர் துண்டைக் கடித்துக்கொள்வார்கள். பாதுகாப்பு என்று இருந்தது அவ்வளவுதான். சுற்றி ஓடி ரன் எடுக்க வைத்த தளங்களில் எதிரணியாள் எவனும் இல்லாதபோது கேட்சர் நன்றாகத் தள்ளி நின்று, பந்து தரையில் ஒருமுறை குத்தி எழுந்த பிறகு பிடிக்கலாம். ஆனால் ஒருவன் தளத்தில் ஏறிவிட்டால், அசந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவான். அப்போது மட்டைக்கு அடியிலேயே போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேராக வரும் பந்தைப் பற்றிக் கியோவுக்குக் கவலை இல்லை. மட்டையின் விளிம்பை லேசாக உரசிவிட்டு வரும் பந்துக்குத்தான் அவன் பயந்தான். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அடித்தவனுக்கே தெரியாது. பிடிக்கிறவன் கண்ணுக்குத் தெரியும்போது அது முகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

பார்னபி ஷேவுக்குக் காதுக்கு மேலே பட்டது. ஷே அப்போது ஆல்டன் ஃபால்ஸ் அணியின் கேட்சர்; சம்பளம் வாங்கி ஆடுகிறவன். கியோ இரும்பு வார்ப்பாலையில் வேலை செய்துகொண்டு, அவசரத்துக்கு மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அடி பட்டதும் ஷே உட்கார்ந்தான், எழுந்தான், சிரித்தான். "என்னடா, எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரி நிக்கிறீங்க?" என்றான். ஆட்டத்தை முடித்தான். அணி ஜெயித்தது. தங்கும் விடுதியில் எல்லோரோடும் உட்கார்ந்து மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். தலை கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்லி மாடிக்குப் போனான். மறுநாள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் கியோ அந்த இடத்தில் நின்றான். புதுச்சட்டை தைக்க நேரம் இல்லாததால் ஷேயின் சட்டையைத் துவைத்துக் கொடுத்தார்கள். தோள்பட்டையில் கொஞ்சம் தளர்வாக இருந்தது. கியோ சம்பளக்கார ஆட்டக்காரன் ஆனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அவன் ஆடியது ஐந்து பருவங்கள். பெயர் வந்தது. பக்கத்து ஊர்ப் பத்திரிகைகள் அவனைக் கல்தூண் என்று எழுதின. பந்து எப்படி வந்தாலும் அசையாமல் நிற்கிறான், கண்ணிமைக்காமல் நிற்கிறான் என்று எழுதின. அது பொய் இல்லை. பயத்தில் அவன் உடம்பு விறைத்துப்போகும். இமை மூட மறந்துபோகும். பார்க்கிறவர்களுக்கு அது துணிச்சலாகத் தெரிந்தது. அவனும் மறுத்துச் சொல்லவில்லை. வார்ப்பாலைக்குத் திரும்பிப்போக அவனுக்கு விருப்பமில்லை. வேறு வேலையும் தெரியாது.

ஐந்தாவது பருவத்தில் வலது கட்டைவிரல் அடியோடு பிளந்தது. கட்டுப் பிரித்த பிறகு அது மடங்க மறுத்தது. ஆலை முதலாளி ட்ரூயாக்ஸ்தான் அணிக்கும் சொந்தக்காரர். கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துப் போனவனிடம், "அடுத்த வருஷம் நீ அணியை நடத்து. ஆளுங்களைப் பொறுக்கி எடு, பழக்கு. நீ சொன்னாக் கேப்பானுங்க" என்றார்.

அன்று டீலியா அழுதுகொண்டே சிரித்தாள். "இனிமே ஆட்டத்தன்னிக்கும் நீ சாப்பிடலாம்" என்றாள்.

மே மாதம் முதல் ஆட்டம். அவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

காரணம் கஸ் ஏபர்சோல். கியோவே தேடிப் பிடித்த கேட்சர். பென்சில்வேனியாவில் ரீடிங் பக்கத்து ஜெர்மன்காரன், கசாப்புக்கடைக்காரர் மகன், இருபத்திரண்டு வயது. கழுத்தும் தோளும் காளைக்கு இருப்பது போல. வாய் ஓயாது. மட்டைக்காரனின் காதருகே நின்றுகொண்டு, அவன் மீசையைப் பற்றி, அவன் மாமியாரைப் பற்றி, அவன் நேற்றுத் தின்ற வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பான். ரப்பர் துண்டைக் கடிக்கமாட்டான். கடித்தால் பேச முடியாதே. எல்லா கேட்சர்களையும்விட அரையடி முன்னால் நிற்பான்.

"கொஞ்சம் பின்னால நில்லுடா" என்பான் கியோ.

"பின்னால நின்னா அவன் காதுல என் பேச்சு விழாது கேப்டன். நீங்க நின்ன மாதிரிதானே நானும் நிக்கிறேன்? கல்தூண்."



வீட்டில் டீலியா கேட்டாள். "இப்பத்தான் நீ நிக்கலியே. பெஞ்சுல உக்காந்திருக்கிறவனுக்கு என்ன பயம்?"

"நான் நின்னப்ப பந்தைப் பார்த்தேன். பார்த்துக்கிட்டிருந்தா கொஞ்சமாவது தாங்கிக்கலாம். இப்ப பந்தைப் பார்க்கல டீலியா. அவன் மண்டையைத்தான் பார்க்கிறேன்."

அவள் சாப்பாடு வைப்பதை மறுபடி நிறுத்திவிட்டாள்.

கோடை முழுக்க அணி ஜெயித்துக்கொண்டே போனது. சைலஸ் பிளம்ப் என்ற நெட்டை வீச்சாளன் இடுப்பருகே கையைக் கொண்டுபோய்ச் சாட்டையைச் சொடுக்குவது போலப் பந்தை விடுவான். அதன் வேகத்துக்கு மட்டைக்காரர்கள் பின்வாங்கினார்கள். பந்து எவ்வளவு வேகமோ, உரசித் திரும்பினால் அவ்வளவு ஆபத்து. ஊர் கொண்டாடியது. கியோ இளைத்துக்கொண்டே போனான்.

செப்டம்பர் கடைசியில் லின்ஃபீல்ட் அணி வந்தது. அந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்களுக்குத்தான் அந்த வருஷத்து வெற்றிக் கொடி. ட்ரூயாக்ஸ் ஆலைக்கு அரைநாள் விடுமுறை விட்டார். பலகைப் படிகளில் இடமில்லாமல் கயிற்றுக்கு வெளியே ஜனம் நெருக்கியடித்து நின்றது. வண்டிகளின் கூரைமேலும் ஆட்கள். அணியில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மாற்று ஆள் என்று இருந்தது கியோ மட்டும்தான். அவனும் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏழாவது இன்னிங்ஸில் ஆல்டன் ஃபால்ஸ் ஒரு ரன் முன்னால் இருந்தது. லின்ஃபீல்ட் ஆள் ஒருவன் மூன்றாவது தளத்தில், ரன் எடுக்கக் காத்திருந்தான். கஸ் மட்டைக்கு அடியில் போய் நின்றான். பிளம்பின் கை சொடுக்கியது. மட்டை சுழன்றது. ஈரக்கட்டையில் சுத்தியல் இறங்கினாற்போல ஒரு சத்தம் பெஞ்சு வரை கேட்டது.

பந்து மட்டையை உரசி, கஸ்ஸின் இடது நெற்றிப்பொட்டில் இறங்கியிருந்தது.

கஸ் மண்டியிட்டான். ஒரு கையைத் தரையில் ஊன்றினான். பிறகு எழுந்து நின்று, புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். ஜனம் ஆரவாரம் செய்தது. கியோ ஓடிக்கொண்டிருந்தான். எப்போது எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"எப்படிடா இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன். கொசு கடிச்ச மாதிரி. யாரு கேப்டன் மட்டை பிடிக்கிறது?"

"பீபடி."

"அந்த வெங்காயமா? சரி, விடுங்க, போடச் சொல்லுங்க." இரண்டு எட்டு வைத்தான். திரும்பினான். முகத்தில் அதே சிரிப்பு. "யாரு கேப்டன் மட்டை பிடிக்கிறது?"

கியோ கிட்டே போனான். "இப்பத்தானேடா சொன்னேன்."

"எப்போ?"

கஸ் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அந்தக் கண்கள் கியோவின் முகத்தில் தங்காமல், அவனுக்குப் பின்னால் இருக்கிற யாரையோ தேடின. பிறகு அவன் தாழ்ந்த குரலில், வீட்டில் அம்மாவோடு பேசுகிறவன் போல ஜெர்மனில் ஏதோ சொன்னான். கியோவுக்கு ஜெர்மன் தெரியாது. அவனுக்கு ஜெர்மன் தெரியாது என்பது கஸ்ஸுக்கும் தெரியும்.

ட்ரூயாக்ஸ் கயிற்றருகே வந்திருந்தார். "கியோ, என்ன தகராறு? ஆட்டம் ஏன் நிக்குது?"

"இவனை வெளிய எடுக்கணும் ஐயா."

"எதுக்கு? எழுந்து நிக்கிறானே. சிரிக்கிறான் பாரு."

"ஷேவும் சிரிச்சான் ஐயா."

ட்ரூயாக்ஸ் புருவத்தைச் சுருக்கினார். "யாரு ஷே?"

 அவர் வேண்டுமென்றே கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அப்போதுதான் கியோவுக்கு, இந்த மைதானத்தில் பயப்படுகிறவன் தான் ஒருவன் மட்டுமே என்று தெரிந்துபோயிற்று.

காயம்பட்டவனை மாற்ற எதிரணித் தலைவன் சம்மதிக்க வேண்டும். லின்ஃபீல்ட் தலைவன் ஹோரஸ் டங்க்லி கைகளைக் கட்டிக்கொண்டு வந்தான். "உன் ஆளு நிக்கிறான், நடக்கிறான், வாயும் ஓயல. இதுக்குப் பேரு காயமா கியோ? எங்க ஓட்டத்தை நிறுத்த நல்ல வழி கண்டுபிடிச்சே."

"அவன்கிட்டயே கேளு. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேளு."

டங்க்லி கேட்டான். கஸ் ஒரு நொடி யோசித்துவிட்டு, "உன் பொண்டாட்டி என்னை விருந்துக்குக் கூப்பிட்ட கிழமை" என்றான். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பீபடியே மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"சரியாத்தான் இருக்கான்" என்றான் டங்க்லி.

"இது எந்த ஊருன்னு கேளு."

"எந்த ஊருடா இது?"

"இது என்ன கேள்வி. ரீடிங்."

டங்க்லியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கஸ்ஸின் முகத்தை ஒருமுறை கூர்ந்து பார்த்தான். பிறகு கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். "கூட்டிட்டுப் போ. யாரை நிறுத்தப்போறே?"

"நான்தான் நிக்கணும்."

"அந்தக் கட்டைவிரலோடயா?" என்றான் டங்க்லி. இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

கஸ் எளிதில் நகரவில்லை. "என்னை எடுக்கிறியா? நீ யாரு என்னை எடுக்க? எடுத்துப் பாரு, பல்லைப் பேத்துடுவேன்" என்று முஷ்டியைத் தூக்கினான். தூக்கிய கை குறி தவறிக் காற்றில் போனது. அவனையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போனது. கியோ தாங்கிப் பிடித்தான். டீலியா படிகளிலிருந்து இறங்கி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்துவிட்டாள்.

"கொட்டகை நிழல்ல உக்கார வை. தூங்கவிடாதே. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு. டாக்டருக்கு ஆள் அனுப்பு" என்றான் கியோ.

அவள் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் அழுத்தினாள். அவனுடைய பழைய ரப்பர் துண்டு. பல் பதிந்த தடங்களோடு. வருஷம் முழுக்க அவள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். 

அவன் மட்டைக்குப் பின்னால் போய் நின்றான். ஜனம் எழுந்து அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. கல்தூண் திரும்பி வந்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். பிளம்ப் பந்தைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தான். "மெதுவாப் போடட்டுமா கேப்டன்?"

"மெதுவாப் போட்டா ஆத்துக்கு அந்தக் கரையில போய்த் தேடணும். எப்பவும் போல போடு."

குரல் நடுங்கவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிளம்ப் திரும்பி நடந்தபோது, அவனைத் திரும்பக் கூப்பிட்டு, மெதுவாகவே போடு என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. ரப்பரைக் கடித்தான். பழைய உப்புச் சுவை நாக்கில் ஏறியது. முன்பு ஷேவுக்கு அடிபட்டபோது பெஞ்சு வரை சத்தம் வரவில்லை; அடி எப்படி இருக்கும் என்று ஊகம்தான் உண்டு. இப்போது அந்தச் சத்தம் காதுக்குள் புதிதாக இருந்தது. ஒவ்வொரு முறை பிளம்பின் கை பின்னால் போகும்போதும் அது மறுபடி கேட்டது.

முதல் பந்து உள்ளங்கையில் இறங்கியது. மடங்காத கட்டைவிரலிலிருந்து தோள் வரை தீ ஓடியது. பீபடி அடுத்ததை உயரமாக அடித்துப் பிடிகொடுத்தான். அந்த இன்னிங்ஸ் தப்பியது. எட்டாவதும் தப்பியது. கியோவின் விரல் நகம் ஒன்று பெயர்ந்து தொங்கியது. அதை அவன் பிடுங்கி எறிந்தான். நடுவில் கிடைத்த ஓய்வில் கொட்டகைப் பக்கம் பார்த்தான். டீலியா கஸ்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து நிமிர்ந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் லின்ஃபீல்ட் கடைசியாக மட்டை பிடித்தது. இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள்; மூன்றாமவனும் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் இரண்டாவது, மூன்றாவது தளங்களில் ஏறிவிட்டார்கள். மட்டை பிடித்தவன் டங்க்லி. இரண்டு வீச்சுகளை வீணடித்துவிட்டான். மூன்றாவதையும் அவன் தவறவிட்டு, கேட்சர் அதைக் கையில் பிடித்துவிட்டால் கொடி ஆல்டன் ஃபால்ஸுக்கு. பிடிக்காமல் விட்டால், பந்து திரும்பி வரும்வரை ஓடுகிறவர்கள் ஓடலாம்.

 கியோ கொட்டகையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்துவிட்டான். டீலியா எழுந்து நின்றிருந்தாள். கஸ் தரையில் குப்புறக் குனிந்திருந்தான். வாந்தியெடுக்கிறானா, விழுந்துவிட்டானா என்று தெரியவில்லை. திரும்புவதற்குள் பிளம்பின் கை முன்னால் வந்துவிட்டது.

மட்டை சுழன்றது. படவில்லை. பந்து நேராக, ஒழுங்காக, மார்புக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் பிடித்திருக்கக்கூடிய பந்து. கியோவின் கண்கள் இறுக மூடியிருந்தன. கைகள் தலையை மறைத்துக்கொண்டு மேலே போயிருந்தன.

பந்து அவன் விலாவில் மோதி, கயிற்றடியில் நின்ற ஜனத்தின் கால்களுக்கு நடுவே போயிற்று. அதைத் தேடி எடுத்து வீசுவதற்குள் இரண்டு பேரும் ஓடி முடித்து, லின்ஃபீல்டை ஒரு ரன் முன்னால் கொண்டுபோய்விட்டார்கள்.

 பார்த்தது நிஜம்தானா என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தது. யாரோ ஆப்பிளை எறிந்தார்கள். "கண்ணை மூடிக்கிட்டான்டா" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. கியோ ரப்பரைத் துப்பிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான்.

கஸ் உயிரோடு இருந்தான். சட்டையெல்லாம் வாந்தி. டீலியாவின் தோளில் சாய்ந்திருந்தான்.

"ஜெயிச்சமா?" என்றான்.

"இல்லடா. தோத்துட்டோம்."

"யாரு கேட்சர்?"

"நான்தான்."

கஸ்ஸின் முகம் அப்படியே வாடியது. வண்டியில் ஏற்றி விடுதிக்குக் கொண்டுபோகிற வழியில் மறுபடி கேட்டான். "ஜெயிச்சமா கேப்டன்?" மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மறுபடி அந்த முகம் முதல்முறை கேட்பது போல வாடியது. விடுதி வாசலில் ஒருமுறை, மாடிப்படியில் ஒருமுறை. பொய் சொல்லிவிடு என்று டீலியா கண்ணால் சொன்னாள். கியோவுக்கு ஏனோ பொய் வரவில்லை.

டாக்டர் வந்து, மெழுகுவர்த்தியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மண்டையைத் தடவிப் பார்த்தார். "எலும்பு உடைஞ்ச மாதிரி தெரியல. உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது, வேற யாருக்கும் தெரியாது. காத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் படியிறங்கும்போதே கஸ் தூங்கிப்போயிருந்தான். உலுக்கினார்கள், முனகினான், மறுபடி தூங்கினான்.

கியோ நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கஸ்ஸின் மூச்சு முதலில் குறட்டையாக இருந்தது. நேரம் ஆக ஆக மெலிந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவன், ஒரு கட்டத்தில் தன் மூச்சையா அவன் மூச்சையா கேட்கிறோம் என்று குழம்பிப்போனான். அப்படியே கண்ணயர்ந்துவிட்டான்.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சங்கு நின்றதும் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

கஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை கழுத்துவரை இருந்தது. அது ஏறி இறங்குகிறதா என்று கியோ பார்த்தான். தெரியவில்லை. எழுந்து போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். அவனால் முடியவில்லை.

ஷேயை எழுப்பப் போனவன் கியோதான். இதே விடுதி. காப்பி ஆறுது, வா என்று சொல்லத்தான் மாடிக்குப் போனான். இதே போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஷேயின் தோளில் கை வைத்தான். அந்தச் சில்லிப்பு அவன் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை. இத்தனை வருஷம் பந்துக்குப் பயப்படுகிறோம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், இந்த ஒரு தோளைத் தொடத்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

டீலியா கதவருகே வந்து நின்றாள். "ஆம்ப்ரோஸ்" என்றாள். 

அவன் எழுந்தான். கட்டிலருகே போனான். கையை நீட்டினான், பாதியில் நிறுத்தினான். பிறகு வைத்தான்.

"கையை எடு" என்றான் கஸ், சுவரைப் பார்த்துக்கொண்டே. "ஐஸ்கட்டி மாதிரி இருக்கு."

கியோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் கஸ் எழுந்து நடமாடினான். இடது கண்ணைச் சுற்றிக் கருநீலம். ஏழாவது இன்னிங்ஸில் நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. அடிபட்டது, ஜெர்மனில் பேசியது, ரீடிங் என்று சொன்னது, எதுவுமே இல்லை. பீர்க்கடையில் மற்றவர்கள் சொன்னதைத்தான் அவன் கேட்டான்: நீ எழுந்து நின்னே, சிரிச்சே, டங்க்லிக்கே சவுக்கடி மாதிரி பதில் கொடுத்தே, கியோ உன்னை இழுத்து வெளிய விட்டுட்டுத் தானே போய் நின்னு தோக்கடிச்சான்.

நேராகக் கியோ வீட்டுக்கு வந்தான். சமையலறைக்குள் நின்று கத்தினான். "என்னை ஏன் எடுத்தே? நான் நின்னுக்கிட்டிருந்தேனாம். பேசிக்கிட்டிருந்தேனாம். ஊரே சொல்லுது. கொடி நம்ம கையில இருந்துச்சு. நீ புகழ் தேடிப் போனியா? போனவன் கண்ணையாவது திறந்து வச்சிருக்கக் கூடாதா? பயந்தாங்கொள்ளிப் பயலே."

டீலியா வாயைத் திறந்தாள். கியோ கையைக் காட்டி அவளை நிறுத்தினான். கஸ் கத்தக் கத்த, அவன் மேசையருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, நாற்காலியைக் காலால் உதைத்து ஒரு முழு மனிதன் அவனைத் திட்டிக்கொண்டிருந்தான். கியோவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்து, கஸ் இன்னும் வெறுத்துப்போய்க் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

ட்ரூயாக்ஸ் கூப்பிட்டனுப்பினார். "உன்னால எனக்கு இனி ஆகாது கியோ" என்றார். ஊரில் அவனுக்குக் கண்மூடிக் கியோ என்று பெயர் நிலைத்தது. அந்தக் கதையைக் கஸ்ஸைப் போல யாராலும் நடித்துக் காட்ட முடியாது என்று சொல்வார்கள்.

கியோவும் டீலியாவும் அந்தக் குளிர்காலத்தில் ஊரைவிட்டுப் போனார்கள். ஸ்க்ராண்டனுக்குப் பக்கத்தில் ஒரு சுரங்க ஊரின் அணி அவனை மேலாளராக வைத்துக்கொண்டது. முகத்துக்குக் கம்பிக் கூண்டு என்று ஒன்று வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, முதல் வேலையாக அதைத்தான் வரவழைத்தான். அவனுடைய கேட்சர் அதை எலிப்பொறி என்றான், மாட்டமாட்டேன் என்றான். "மாட்டாதவன் ஆடவேண்டாம்" என்றான் கியோ. எதிரணி ஜனங்கள் கீச்சுக் கீச்சென்று எலி மாதிரி கத்தினார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களுடைய கேட்சர்களும் மாட்டிக்கொண்டார்கள். அவன் அங்கே ஏழெட்டு வருஷம் இருந்தான். பெரிய கொடி எதுவும் ஜெயிக்கவில்லை. அவனுடைய ஆட்கள் யாரும் சாகவில்லை.

கஸ் ஏபர்சோல் ஊர் ஊராக மாறி ஆடினான். ஒரு ஜூன் மாதம் எதிரணியோடு அங்கே வந்து இறங்கினான். உடம்பு கனத்திருந்தது; முன்நெற்றியில் வழுக்கை ஏறியிருந்தது. மற்ற எல்லோரும் கூண்டு மாட்டியிருந்த காலத்தில் அவன் வெறும் முகத்தோடு வந்து நின்றான். வாய் ஓயவில்லை. கியோ இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து மட்டையை உரசி அவன் தோளுக்கு மேலே பறந்தது. காதை ஒட்டிப் போனது. அவ்வளவுதான். ஆனால் கியோ எழுந்து நின்றிருந்தான். அவனுடைய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரணிக்காரனுக்காக நம் மேலாளர் ஏன் எழுந்தார் என்று புரியாமல்.

கஸ் பந்தை எடுக்கப் போனவன் பெஞ்சுக்கு எதிரே நின்றான். கியோவின் முகத்தைப் பார்த்தான். அவன் என்ன பார்த்தானோ தெரியாது. வழக்கமாக வரும் கிண்டல் ஒன்றும் வரவில்லை. பந்தைச் சட்டையில் துடைத்தான்.

"உக்காருங்க கேப்டன்" என்றான். "ஒண்ணும் ஆகல."

கியோ உட்கார்ந்தான். கஸ் திரும்பிப் போய், எப்போதும் போல மட்டைக்கு அரையடி கூடுதலாக நெருங்கி நின்றுகொண்டான். வீச்சாளன் கையைப் பின்னால் கொண்டுபோனபோது கியோ மறுபடி எழுந்து நின்றிருந்தான்.